ஆறு வீடு, ஏழு ஸ்டார்ட்

தங்கைக்கு மீட்டர் என்று பேர் வைத்தவர் பக்கத்து டயர் கடைக்காரர். யார் வண்டியைக் கொண்டுவந்து எந்தக் கோளாறைச் சொன்னாலும், இருங்க, மீட்டர் வச்சுப் பாத்துடலாம் என்பது அவள் வழக்கம். ஒருநாள் அவர் தன் உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்று சொன்னதற்கும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர். இப்போது அவளுடைய சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் முழிப்பார்கள். மீட்டரம்மா கடை என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.

டயர் கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவள் கடை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அகலம். சுவரில் ஆணி அடித்து வயர் சுருள்களை நிறவாரியாகத் தொங்கவிட்டிருப்பாள். சட்டையின் வலது கையில் எப்போதும் ஆசிட் பட்ட பொத்தல்கள் இருக்கும். அக்கா எத்தனை சட்டை எடுத்துக் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் அதுவும் சல்லடையாகிவிடும்.

பத்தாவது முடித்ததும் தங்கை ஒரு பேட்டரிக் கடையில் பில் எழுதப் போனாள். பேட்டரி போய்விட்டது என்று வருவார்கள், புதிது வாங்கிப் போவார்கள், மூன்று மாதத்தில் அதே ஆள் அதே முகத்தோடு திரும்ப வந்து நிற்பார். இவளுக்கு அது உறுத்தியது. பழையதாகக் கழற்றிப் போட்ட பேட்டரிகளைப் பின்னறையில் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தாள். பாதிக்குப் பாதி நன்றாக இருந்தன. ஒருநாள் முதலாளி பக்கத்தில் இருக்கும்போதே ஒரு வாடிக்கையாளரிடம், உங்க பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல, அதுக்குப் போற வயர்தான் சரியில்ல என்று சொல்லிவிட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. பேட்டரி விக்கிற கடையில போய் பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்லுவியா என்று அப்பா வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பா அவளையும் சேர்த்துத் திட்டினார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த பெருமை அக்காவிடம் இன்றைக்கும் குறையவில்லை. அவள் வண்டியில் ஏறுகிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன் தங்கை வண்டிகளுக்கு எலக்ட்ரீஷியன் என்பதை மூன்றாவது வாக்கியத்தில் சொல்லிவிடுவாள்.

அக்கா ஓட்டுவது ஓர் அறக்கட்டளையின் வேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆறு பேரை வாரத்துக்கு மூன்று நாள் காலையில் வீடு வீடாக ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், மதியம் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். சக்கர நாற்காலியை ஏற்றப் பின்பக்கம் மின்சாரத்தில் ஏறி இறங்கும் பலகை உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அக்கா எஞ்சினை அணைத்துவிடுவாள். அவர்கள் மெல்ல நடந்து வந்து ஏறும்வரை புகையை மூக்கில் வாங்க வேண்டாம் என்றுதான். ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியவர்கள், குலுக்கினால் தலை சுற்றுகிறவர்கள். அதனால் விளிம்புவரை நீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிப் போவதுபோல ஓட்டுவாள். வேகமெடுக்கும் முன்பே அடுத்த கியருக்குப் போய்விடுவாள். எஞ்சின் ஓடுவதே வெளியே கேட்காது. பதினாலு வருஷத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அப்படிப்பட்ட வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது.

நான்காவது வீட்டிலோ ஐந்தாவது வீட்டிலோ சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதல் தடவை தெருக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது தடவை போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் தாமதம். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்கு வைத்திருந்த இயந்திரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வீங்கிய காலோடு அவர் சாயங்காலம்வரை மர பெஞ்சில் காத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அறக்கட்டளையின் வழக்கமான பட்டறையில் பேட்டரியை இரண்டு முறை மாற்றினார்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரையும் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்து எல்லாம் ஜோர் என்று அனுப்பினார்கள். இரண்டு வாரம் போனால் மறுபடியும் டக்.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், அக்கா விடுப்பு எடுக்கிற நாளில் ஓட்ட வருகிற புயல் ஓட்டும்போது வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை. புயல் என்பது அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பேர். ஸ்டார்ட் செய்ததும் தெருவையே எழுப்புகிற மாதிரி ஆக்ஸிலேட்டரை இரண்டு உறுமு உறுமவிட்டுத்தான் நகர்வான். அவன் கையில் நிற்காத வண்டி இவள் கையில் நிற்கிறது என்றால் கோளாறு யாரிடம் என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. விளக்கை அணைக்க மறந்திருப்பாள், மதியம் காற்றாடியைப் போட்டுத் தூங்கியிருப்பாள் என்று காதுபடவே பேசினார்கள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். இன்னும் ஒரு தடவை வண்டி நின்றால் அவளுக்குத் தொலைபேசி மேசை, வேன் நிரந்தரமாகப் புயலுக்கு. அக்காவுக்கு மேசை வேலை கௌரவக் குறைவு என்றில்லை. தபால்காரரையும் மற்றவர்களையும் அந்தப் பையன் டப்பாவில் போட்ட கூழாங்கல் மாதிரி குலுக்கிக் கொண்டுபோவதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. வண்டியை என் தங்கையிடம் ஒரு தடவை காட்ட அனுமதி கொடுங்கள் என்று கேட்டாள். கையெழுத்துப் போட்ட அறிக்கை வேண்டும், என்ன கோளாறு, ஏன் வந்தது என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் சம்மதித்தார்.

சனிக்கிழமை மதியம் வேன் தங்கை கடை வாசலில் நின்றது. அவள் சாவியை வாங்கிக்கொண்டு அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்தாள். முதலில் எஞ்சின் ஓடாதபோது பேட்டரியை அளந்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். நல்ல கணக்கு. தானே ஏறி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி ஓடவிட்டுவிட்டு இறங்கிவந்து பார்த்தாள். பதினாலு புள்ளி இரண்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பேட்டரியின் எர்த் வயர் பிடித்திருக்கும் இடத்தைச் சுரண்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் அணைத்த பிறகு பேட்டரியை யாராவது திருட்டுத்தனமாகக் குடிக்கிறார்களா என்று அரைமணி நேரம் காத்திருந்து அளந்தாள். எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தது.

எல்லாம் சரியாத்தான் இருக்கு என்று தங்கை சொன்னதும் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. பட்டறைக்காரர்கள் சொன்னதும் இதைத்தான்.

"அப்ப நான்தான் சரியில்லையா?"

"நீ சரியில்லன்னா எனக்குச் சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்குமே. கூடவே படுத்து எழுந்தவதானே நானு."

சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். ஆனால் அவள் புருவம் சுருங்கியே இருந்தது. மீட்டர் பொய் சொல்லாது, அக்காவும் பொய் சொல்ல மாட்டாள். இரண்டில் எதைச் சந்தேகப்படுவது? கடைசியில், திங்கட்கிழமை நானும் உன்கூட வண்டியில வர்றேன் என்றாள்.

திங்கட்கிழமை காலை நடுவரிசையில் உட்கார்ந்துகொண்டு, பேட்டரியிலிருந்து ஒரு நீள வயரை உள்ளே இழுத்து மீட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். முன் இருக்கையில் வழக்கம்போல, ஆறு பேரில் ஒருவரான டீச்சரம்மா. முட்டி மடங்காது என்பதால் அந்த இடம் அவருக்கு எழுதிவைத்த மாதிரி. தபால்காரர் இவள் மடியைப் பார்த்துவிட்டு, உன் பிரஷரா எங்க பிரஷரா என்று கேட்டார்.

முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்குப் போகும்வரை தங்கை மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டு புள்ளி மூன்று. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பதினாலு வரவில்லை. அடுத்த வீட்டில் பலகை ஏறி இறங்கியதும் பன்னிரண்டு புள்ளி ஒன்று. சார்ஜ் ஏறவே இல்லை. பேட்டரி தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டே வந்தது. ஆறாவது வீட்டில் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் முக்கி முனகித்தான் கிளம்பியது. அக்காவின் கழுத்து வியர்த்ததைத் தங்கை பார்த்தாள். 

வழக்கமாகப் போகிற தெருவில் அன்று குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மேம்பாலத்தில் ஏற வேண்டியதாயிற்று. ஆறு பேர் பாரத்தோடு ஏற்றத்தில் வண்டி திணற, அக்கா கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். எஞ்சின் அவள் கையில் என்றுமே போடாத சத்தம் போட்டது. மடியில் இருந்த எண் ஒரே தாவலில் பதினாலு புள்ளி இரண்டுக்குப் போய் நின்றது. பாலம் இறங்கி வண்டி பழையபடி பூனைநடை போட்டபோதும் அது கீழே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் இறங்கி உள்ளே போனதும் தங்கை பின்பக்க வாகன நிறுத்தத்துக்குப் போகச் சொன்னாள். அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எஞ்சினை அணைச்சுட்டு, நீ எப்பவும் எப்படிப் பண்ணுவியோ அப்படியே திரும்ப ஸ்டார்ட் பண்ணு என்றாள். பன்னிரண்டு. ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தச் சொன்னாள். பதினாலு. மறுபடி அணைத்து மறுபடி ஸ்டார்ட். பன்னிரண்டு. ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறது, யாராவது உலுக்கினால்தான் எழுந்திருக்கிறது. தங்கை தன் நெற்றியில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டாள். பட்டறைக்காரன் உலுக்கினான், புயல் உலுக்கினான், சனிக்கிழமை அவளே உலுக்கிவிட்டுத்தான் இறங்கிவந்து அளந்தாள். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் காலை அழுத்துவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் கூடப்பிறந்த பழக்கம். அழுத்தாமல் ஓட்டுகிற ஒரே ஆளிடம் மட்டும் வண்டி நின்றது.

அப்புறம் எஞ்சினை ஓடவிடாமல் சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொல்லி, முன்னால் வரிசையாக எரியும் சின்ன விளக்குகளைப் பார்த்தாள். எண்ணெய் விளக்கு எரிந்தது, பிரேக் விளக்கு எரிந்தது.

"அக்கா, பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எங்க?"

"அதுவா. அத நான்தான் கழட்டிவச்சிருக்கேன்."

ஏதோ திரைச்சீலையைத் துவைக்கப் போட்டிருக்கிறேன் என்பதுபோலச் சொன்னாள். டீச்சரம்மா ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, எரியுதே, நின்னுடுமா என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வாராம். அது ஒரு நொடி எரிந்து அணைவதுதான் முறை என்று எவ்வளவு சொல்லியும் அவருக்குப் படபடப்பு அடங்கவில்லை. ஒரு காலைக்கு ஏழு ஸ்டார்ட், அவர் ஏறின பிறகு ஒவ்வொரு தடவையும் அதே பயம். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் ஏறிப்போய் ஒருநாள் ஊசி போடாமலேயே காத்திருக்கவைத்தார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஸ்டீயரிங்குக்கு முன்னால் விளக்குகள் இருக்கும் தகட்டைக் கழற்றி அந்த ஒரு பல்பை மட்டும் திருகி எடுத்துவிட்டாள். எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. முன்பெட்டியைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினாள். மூடியில் அவள் கையெழுத்தில் ஒட்டியிருந்தது: பல்பு, பேட்டரி படம், ஒன்று. கீழே தேதி.

தங்கை அந்தத் தேதியைப் பார்த்தாள். வண்டி எந்தெந்த நாளில் எங்கே நின்றது என்று அக்கா எழுதிவைத்திருந்த நோட்டைப் புரட்டினாள். முதல் தடவை நின்றது பன்னிரண்டு நாள் கழித்து. மணி, நிமிஷம், வீட்டு எண் எல்லாம் எழுதிய அக்கா இந்தப் பல்பை மட்டும் அந்த நோட்டில் எழுதியிருக்கவில்லை. பல்புதானே என்று நினைத்துவிட்டாள்.

அது வெறும் விளக்கு இல்லை என்று தங்கை சொன்னாள். ஆல்டர்னேட்டர் கண் விழிக்க ஒரு துளி மின்சாரம் வேண்டும், இந்த வண்டியில் அது போகிற வழியே அந்தப் பல்புதான். பல்பு இல்லையென்றால் வழி இல்லை. சொல்லிக்கொண்டே டப்பாவிலிருந்த பல்பை மாட்டினாள். அக்கா சாவியைத் திருப்பினாள். சிவப்பு எரிந்தது, எஞ்சின் ஓடியதும் அணைந்தது. ஆக்ஸிலேட்டரில் காலே வைக்கவில்லை. பதினாலு புள்ளி இரண்டு.

அக்காவுக்குச் சந்தோஷப்பட ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. அறிக்கை ஞாபகம் வந்துவிட்டது. என்ன கோளாறு, ஏன் வந்தது. தபால்காரரைப் பெஞ்சில் உட்காரவைத்தது பேட்டரியும் இல்லை, பட்டறையும் இல்லை. அவளேதான்.

கடைக்குப் போய்த் தங்கை தாளை எடுத்தபோது அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வயர் சுருள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்புக்குப் பதிலாக வேறு வழியே கிடையாதா என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கிறது என்றாள் தங்கை. பல்பு இருக்கிற இடத்துக்குப் பின்னால் மின்சாரத்தை அளவாக விடுகிற ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் போதும். ஆல்டர்னேட்டர் எழுந்துகொள்ளும், சிவப்பு எரியாது, டீச்சரம்மா பயப்பட மாட்டார், பல்பைக் கழற்றிய கதை யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு உண்மையிலேயே சார்ஜ் ஏறாமல் போனாலும் வண்டி வாயைத் திறந்து சொல்லாது.

"பழைய வயர் கோளாறுன்னு எழுத முடியாதா?" என்றாள் அக்கா. கேட்டு முடிக்கும் முன்பே காது சூடாகிவிட்டது.

தங்கை முகம் சுளிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றித் தாளில் தேதியை எழுதினாள்.

"நீ சொல்லு, எழுதறேன். எது சொன்னாலும் கையெழுத்துப் போடறேன். உனக்காக."

முதலாளி முகத்துக்கு நேராக, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லி வேலையை இழந்தவள் சொல்கிற வார்த்தை அது. எவ்வளவு பெரியதைத் தன் காலடியில் வைக்கிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது. அதை எடுத்துக்கொண்டால், மூன்றாவது வாக்கியத்தில் பெருமை பேச அப்புறம் தங்கை என்று யார் இருப்பார்கள்? 

"எழுது. சார்ஜ் விளக்கின் பல்பு இல்லாததால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. பல்பைக் கழற்றியவர் ஓட்டுநர்."

"ஏன்னு கேப்பாங்களே?"

"பயணி பயந்ததால்னு போடு. யாருன்னு வேணாம்."

மேலாளர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். ஒளிக்காமல் சொன்னதற்காக வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் ஓட்டுநர் தன் இஷ்டத்துக்கு வண்டியில் கைவைத்தால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றார். ஒரு மாதம் தொலைபேசி மேசை. அதற்குப் பிறகு யோசிக்கலாம். யோசிக்கலாம் என்ற வார்த்தைதான் அக்காவைக் குத்தியது.

மேசையில் உட்கார்ந்தவர் வருகிற புகாரையெல்லாம் நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதுவதில் அக்காவைக் குறை சொல்ல முடியுமா? முதல் நாள் காலை எட்டு பத்துக்குத் தபால்காரர் அழைத்தார்: வேகத்தடையில் தலை கூரையில் இடித்தது. எட்டு இருபத்தைந்துக்கு மூன்றாவது வீட்டு அம்மா: வாசலில் எஞ்சினை அணைக்கவில்லை, புகை. எட்டு நாற்பதுக்குத் திரும்பவும் தபால்காரர்: இன்னொரு வேகத்தடை, அடுத்த தடவை தொப்பி போட்டுத்தான் ஏறுவார். எல்லோரும் யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னார்கள். சொல்லிவிட்டு, எப்பம்மா வருவே என்று கேட்டார்கள். அதை மட்டும் அவள் எழுதவில்லை, அது புகார் இல்லையே.

டீச்சரம்மாவின் அழைப்பு, சிவப்பு மறுபடி எரிகிறது என்று. அக்கா தங்கையிடம் யோசனை கேட்டாள். டீச்சர்தானே, அது வருகைப்பதிவு கொடுக்குதுன்னு சொல்லு என்றாள் அவள். நான் இருக்கேன்னு ஒரு தடவை எழுந்து நின்னுட்டு உக்காந்துடும், எழுந்திருக்காத அன்னிக்குத்தான் பயப்படணும். நாற்பது பிள்ளைகளை மேய்த்தவருக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. அடுத்த தடவை அவர் அழைத்தது புயல் வகுப்பில் தூங்குகிற பையன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறான் என்று சொல்லத்தான்.

இரண்டாவது வாரம் புயலே வந்து மேசைமுன் நின்றான். ஆளே பாதியாக இளைத்திருந்தான். அக்கா, நீங்களே வந்துடுங்க, அந்த ஆறு பேரும் என்னைத் தினம் பரீட்சை எழுதவைக்கிறாங்க என்றான். அதையும் பதிவேட்டில் எழுதலாமா என்று கேட்டாள். தாராளமா எழுதுங்க, கையெழுத்துகூடப் போடறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை மேலாளர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். நாற்பத்தேழு பதிவுகள், கடைசியில் புயலின் கையெழுத்து. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தங்கையின் அறிக்கையையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, இதை எழுதினது உன் சொந்தத் தங்கச்சியா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சொந்த அக்காவையே இப்படி எழுதியிருக்காளே என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் சொன்னேன் சார். அவ வேற எதையும் எழுத மாட்டா."

இரண்டாவது வாக்கியம் முழு உண்மை இல்லை. அவள் மனமறிந்து சொன்ன பொய் அந்த விவகாரம் முழுவதிலும் அது ஒன்றுதான். மேலாளர் தலையை ஆட்டினார். திங்கட்கிழமையிலிருந்து வேன் அவளுக்கு. ஒரு நிபந்தனை: அறக்கட்டளையின் மற்ற மூன்று வண்டிகளையும் அந்தத் தங்கச்சி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

தங்கை பார்த்தாள். ஆனால் இப்போது அவள் முதலில் ஓட்டுநர் இருக்கையில் ஏறுவதில்லை. தினமும் எப்படியோ அப்படியே பண்ணுங்க, நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க என்று ஓட்டுகிறவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறாள். கடை வாசலில் அட்டையில் எழுதியும் தொங்கவிட்டிருக்கிறாள்: வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யவும். டயர் கடைக்காரர், மீட்டருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்கிறார்.

திங்கட்கிழமை காலை ஆறு வீட்டிலும் அக்கா எஞ்சினை அணைத்துக் காத்திருந்தாள். வெளியே வந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். தபால்காரர் மட்டும் ஏறி உட்கார்ந்து, கூரையை அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, இனி தொப்பி வேண்டாம் என்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது.